ரப்பர் காட்டுக்கு மேலே ஜெட்

1951 ஜனவரி 1 அன்று, பிரிட்டிஷ் விமானப்படையின் 60-ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் விமானங்கள் ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கிக்கு அருகே காட்டுக்குள் ஒரு தாக்குதல் நடத்தின. இரண்டாம் உலகப் போரில் பெரும்புகழ் பெற்ற ஸ்பிட்ஃபயர், அந்தப் படைக்காக நடத்திய கடைசித் தாக்குதல் அது. லண்டன் வானத்தில் பெயர் வாங்கிய விமானம் மலாயாக் காட்டின் மேல்தான் விடைபெற்றது. அதே ஸ்குவாட்ரன் அதன் பிறகு வேம்பயர் என்ற ஜெட் விமானத்துக்கு மாறியது. மலாயா வானில் ஜெட் யுகம் அப்படித் தொடங்கியது.

அது அவசரகாலம். 1948 ஜூனில் அறிவிக்கப்பட்டு 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். காட்டின் ஓரம் முழுக்க ரப்பர் தோட்டங்கள். தோட்டத்து லயங்களில் பெரும்பாலும் தமிழர்கள். வேம்பயர்கள் சிங்கப்பூரின் தெங்கா தளத்திலிருந்து கிளம்பின. அங்கிருந்து நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சிரம்பானுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 250 கி.மீ. ஜெட்டுக்கு அரை மணி நேரப் பயணம். வேம்பயருக்குப் பின் 1955-இல் வெனம் வந்தது. நியூசிலாந்தின் 14-ஆம் ஸ்குவாட்ரனும் வெனம்களோடு தெங்காவில் இறங்கியது. 1958-இலும் 1959-இலும் ஆஸ்திரேலியாவின் சேபர்கள் பட்டர்வொர்த்துக்கு வந்து சேர்ந்தன. உலகின் முதல் தலைமுறை ஜெட் போர்விமானங்களில் பல, பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் தலைக்கு மேலே பறந்தவை.

இன்று அந்த விமானங்களில் பெரும்பாலானவை பறப்பதில்லை. ஆனால் கணினியில் பறக்கின்றன. டி.சி.எஸ். வேர்ல்டு என்ற போர் விமான சிமுலேட்டரில் அமெரிக்க எஃப்-86எஃப் சேபரும் சோவியத் மிக்-15பிஸ்ஸும் உண்டு. வார் தண்டர் என்ற கணினி விளையாட்டில் வேம்பயர், வெனம், மீட்டியர் மூன்றும் உண்டு. ஒரு பழைய ஜெட்டைக் கணினிக்குள் மீண்டும் உருவாக்குவது என்றால் என்ன? அதன் படத்தை வரைவதா, அதன் நடத்தையைக் கணக்கிடுவதா? அது பறந்த நிலத்தையும் அதோடு சேர்த்து உருவாக்க வேண்டுமா? இந்த அத்தியாயம் இந்தக் கேள்விகளைப் பற்றியது.

உருவத்துக்குள் இருக்கும் காரணம்

வேம்பயரை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அதன் உருவம் விநோதமாகத் தெரியும். விமானி உட்காரும் குட்டையான உடல். அதற்குப் பின்னால் இரண்டு நீண்ட கம்பங்கள். கம்பங்களின் முனையில் வால். இந்த அமைப்பு அழகுக்காக வந்ததில்லை. ஆரம்பகால ஜெட் இயந்திரங்களின் உந்துவிசை குறைவு. சூடான வாயு நீண்ட குழாய் வழியாகப் பின்னால் போனால் அந்தக் கொஞ்ச விசையிலும் ஒரு பகுதி வீணாகும். குழாயைக் குட்டையாக்க உடலைக் குட்டையாக்கினார்கள். வாலைத் தாங்க இரட்டைக் கம்பங்களை வைத்தார்கள். டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் இந்த விமானம் 1943 செப்டம்பர் 20 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் முதன்முறை பறந்தது.

இன்னொரு வியப்பு அதன் உடல். ஜெட் இயந்திரத்தைச் சுமந்த அந்த உடலின் முன்பகுதி மரத்தால் ஆனது. இரண்டு ஒட்டுப்பலகை அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டினார்கள். அதே நிறுவனத்தின் மஸ்கிட்டோ விமானத்தில் கைவந்த வித்தை இது. இறக்கையும் கம்பங்களும் அலுமினியம். மலாயாவின் ஈரக்காற்றில் மர விமானங்களைப் பராமரிப்பது பெரும்பாடு. உலோக விமானங்களும் தப்பவில்லை. பிரிகண்ட் என்ற குண்டுவீச்சு விமானத்தின் காற்றுத் தடையில் இருந்த தோல் உறைகள் வெப்பமண்டலச் சூழலில் கெட்டுப்போனதால் மலாயாவில் விபத்துகள் நேர்ந்தன.

சிமுலேட்டர் செய்பவருக்கு இந்தக் காரணங்கள் முக்கியம். உருவத்தை நகலெடுக்கப் புகைப்படங்கள் போதும்; அருங்காட்சியகத்து விமானத்தை லேசர் கருவியால் அளந்தால் மில்லிமீட்டர் துல்லியம்கூடக் கிடைக்கும். அப்படிக் கிடைப்பது ஒரு சிலை. அதைப் பறக்க வைக்க, அந்த உருவத்துக்குக் காரணமான விசைகளைத் திருப்பிக் கணக்கிட வேண்டும்.

கணக்கு இப்படி நடக்கிறது. விமானத்தின் மேல் மூன்று திசைகளில் விசைகள், மூன்று அச்சுகளைச் சுற்றித் திருகல்கள். இந்த ஆறு அளவுகளும் ஒவ்வொரு கணத்துக்கும் தெரிந்தால், விசையிலிருந்து முடுக்கம், முடுக்கத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து அடுத்த இடம் கிடைத்துவிடும். இதை வினாடிக்கு நூறு முறை செய்வதாக வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும் விமானம், ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே 2 மீட்டர் நகர்ந்திருக்கும். அதற்குள் காற்றின் கோணம், எரிபொருளின் எடை, இயந்திரச் சுழற்சி எல்லாம் புதிதாகக் கணக்கிடப்பட்டிருக்க வேண்டும்.

அந்த ஆறு அளவுகளையும் எங்கிருந்து எடுப்பது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அட்டவணை வழி: காற்றுச்சுரங்கச் சோதனை அறிக்கைகளையும் பறப்புச் சோதனைப் பதிவுகளையும் தேடி எடுத்து, எந்தக் கோணத்தில் எந்த வேகத்தில் எவ்வளவு தூக்குவிசை, எவ்வளவு இழுவை என்று நிரப்பிக்கொள்வது. மற்றொன்று, எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் பின்பற்றும் வழி: இறக்கையைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று என்ன செய்கிறது என்று தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுவது. நல்ல படைப்பாளிகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று சரிபார்க்கிறார்கள். பிறகு அந்தக் காலத்து விமானிக் கையேட்டை எடுத்து, அதில் சொன்ன வேகத்தில் விமானம் தரையைவிட்டு எழுகிறதா, சொன்ன வேகத்தில் தூக்குவிசையை இழந்து விழுகிறதா என்று பார்க்கிறார்கள்.

இயந்திரத்தின் தயக்கம்

முதல் தலைமுறை ஜெட்டின் இயல்பை ஒரே ஒரு விஷயத்தில் அறியச் சொன்னால், அதன் இயந்திரம் காட்டும் தயக்கத்தைச் சொல்வேன்.

வேம்பயரின் இயந்திரம் கோப்ளின். வடிவமைத்தவர் ஃபிராங்க் ஹால்ஃபோர்ட். முன்னால் ஒரு பெரிய சுழல்தட்டு காற்றை உறிஞ்சி விளிம்புக்குத் தள்ளி அழுத்தும். அந்தக் காற்று 16 எரிகலன்களுக்குள் பிரிந்து போகும், எரிபொருள் எரியும், சூடான வாயு டர்பைனைச் சுழற்றிவிட்டுப் பின்னால் பீறிடும். டர்பைனும் சுழல்தட்டும் ஒரே தண்டில் இருப்பதால், டர்பைன் சுழல்வதே சுழல்தட்டையும் சுழற்றுகிறது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 10,200 சுற்று, அதாவது வினாடிக்கு 170 சுற்று. சுழல்தட்டின் குறுக்களவு முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகம். பெருக்கிப் பாருங்கள்: தட்டின் விளிம்பு வினாடிக்கு 400 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. அது ஒலியைவிட வேகம்.

இப்போது விமானி தரையிறங்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விசைப்பிடியைப் பின்னால் இழுத்து இயந்திரத்தைத் தணித்திருக்கிறார். ஓடுபாதை நெருங்கும்போது உயரம் குறைந்துவிட்டது தெரிகிறது. பிடியை முன்னால் தள்ளுகிறார். பிஸ்டன் இயந்திரம் கொண்ட ஸ்பிட்ஃபயராக இருந்தால் உடனே உறுமிக்கொண்டு இழுத்திருக்கும். வேம்பயரில் அப்படி நடப்பதில்லை. சுழல்தட்டு காற்றை அழுத்தும் அளவு அதன் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. பாதி வேகத்தில் சுழலும்போது அழுத்தம் மிகக் குறைவு. டர்பைனுக்குக் கிடைக்கும் உபரி ஆற்றலும் மிகக் குறைவு. அந்தச் சிறிய உபரிதான் கனமான சுழலியை மெல்ல மெல்ல வேகப்படுத்த வேண்டும். வேகம் கூடக்கூட உபரி கூடும்; கடைசிப் பகுதியில் விசை திடீரென்று வந்து சேரும். முதல் சில வினாடிகளில் எதுவும் வராது.

அவசரப்பட்டுப் பிடியை வேகமாகத் தள்ளினால் இன்னும் ஆபத்து. எரிபொருள் கூடிவிடும், அதற்கு ஈடான காற்று வராது. எரிகலன் அளவுக்கு மீறிச் சூடாகும், அல்லது நெருப்பே அணைந்துபோகும். இன்றைய ஜெட்களில் எரிபொருளை அளந்து விடுவது கணினியின் வேலை. அன்று அது விமானியின் இடது கையின் வேலை. ஒற்றை இருக்கை வேம்பயரில் வெளியே தூக்கியெறியும் இருக்கையும் கிடையாது. தாழ்வான உயரத்தில் இயந்திரம் அணைந்தால் விமானிக்குப் போக்கிடம் இல்லை.

சிமுலேட்டரில் இதை எளிமையாக்க ஆசை வரும். பிடி தள்ளியதும் விசை வந்தால் பறப்பவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சில வினாடிகளின் வெறுமையை எடுத்துவிட்டால் வேம்பயர் என்ற விமானமே போய்விடுகிறது; அதன் தோல் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு பழைய இயந்திரத்தை நேர்மையாக மீட்டெடுப்பது என்பது அதன் குறைகளையும் சேர்த்து மீட்டெடுப்பது. அன்றைய விமானிகள் ஏன் அவ்வளவு நீண்ட, நிதானமான இறக்கப் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது, அந்தத் தயக்கத்தைக் கையில் உணரும்போதுதான் புரியும்.

முப்பத்திரண்டு டிகிரி

விமானங்களின் செயல்திறன் அட்டவணைகள் கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்ற பொது அளவை வைத்து எழுதப்பட்டவை. இங்கிலாந்துக்கு அது இயல்பான வெயில். மலாயாவின் பிற்பகல் 32 டிகிரி. இந்த 17 டிகிரி வேறுபாட்டைச் சிமுலேட்டர் மறந்தால் மலாயாவே மறைந்துவிடும்.

வெப்பம் கூடினால் காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. 15-இலிருந்து 32 டிகிரிக்குப் போனால் அடர்த்தி ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஈரப்பதம் இன்னும் ஒரு விழுக்காட்டுக்கு மேல் குறைக்கும். நீராவி உலர்ந்த காற்றைவிட லேசானது. இறக்கையின் தூக்குவிசை அடர்த்தியைப் பொறுத்தது என்பதால், அதே எடையைத் தூக்க விமானம் இன்னும் வேகமாக ஓட வேண்டும். அதே நேரம் இயந்திரத்துக்குள் போகும் காற்றின் நிறையும் குறைகிறது. சூடான காற்றை அழுத்துவது கடினமும்கூட. இரண்டும் சேர்ந்து உந்துவிசையைப் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைத்துவிடும்.

முழுச் சுமையோடு வேம்பயரின் எடை ஏறத்தாழ ஐந்தரை டன். இயந்திரம் தரும் விசை 1,400 கிலோ எடைக்குச் சமம். எடையில் கால் பங்குதான் விசை. அதிலும் பத்து விழுக்காடு போனால் ஓடுபாதையில் வேகம் எடுப்பதே மந்தமாகிவிடும். எழும்பத் தேவையான வேகம் கூடுகிறது, வேகம் எடுக்கும் திறன் குறைகிறது; இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓட வேண்டிய தூரம் ஆறில் ஒரு பங்காவது கூடும். கண்ணாடிக் கூண்டுக்குள் விமானி வெந்துபோவார் என்பதால், வெப்ப நாடுகளுக்காகவே குளிரூட்டி பொருத்திய எஃப்.பி.9 என்ற வேம்பயர் வகை தயாரானது. 60-ஆம் ஸ்குவாட்ரனும் அதைப் பயன்படுத்தியது.

எரிபொருளும் இதே கணக்கில் சேரும். ஜெட் இயந்திரம் உயரத்தில் சிக்கனமாகவும் தாழ்வாகப் பறக்கும்போது ஊதாரியாகவும் எரிபொருளைக் குடிக்கும். நெகிரி செம்பிலானின் காட்டோரத்தில் இலக்கைத் தேட வேண்டுமென்றால் தாழ்வாகத்தான் பறக்க வேண்டும். தெங்காவுக்குத் திரும்ப 250 கி.மீ. மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் பள்ளத்தாக்குகளில் பனிமூட்டம், பிற்பகலில் தித்திவாங்சா மலைத்தொடரை ஒட்டி இடிமேகம். இவற்றுக்கு நடுவே கிடைக்கும் சில மணி நேரத்தில், சில நிமிடங்கள்தான் ஒரு விமானிக்கு இலக்கின் மேலே கிடைத்திருக்கும்.

ஒலிக்குப் பக்கத்தில்

விமானத்தின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் குணம் மாறுகிறது. மெதுவான விமானத்துக்கு முன்னால் உள்ள காற்று, அழுத்த அலைகள் வழியாகச் செய்தி பெற்று முன்கூட்டியே விலகிக்கொள்கிறது. அந்த அலைகள் ஒலியின் வேகத்தில்தான் போகும். விமானமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் வந்தால் காற்றுக்கு விலக நேரம் இருக்காது. இறக்கையின் வளைந்த மேற்பரப்பில் காற்று இன்னும் வேகமெடுப்பதால், விமானம் ஒலியின் வேகத்தைத் தொடும் முன்பே அங்கே அதிர்ச்சி அலை உருவாகிவிடும். விமானம் உதறும், மூக்கு மேலும் கீழுமாக ஆடும், ஓர் இறக்கை சரியும்.

வேம்பயருக்கு இந்த எல்லை ஒலியின் வேகத்தில் 0.78 பங்கை ஒட்டி வந்துவிடும். மலாயாவின் சூடான தாழ்காற்றில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,260 கி.மீ.; அதில் 0.78 பங்கு 980 கி.மீ. நேர்மட்டப் பறப்பில் வேம்பயரால் அதை எட்ட முடியாது. ஆனால் 10 கி.மீ. உயரத்துக் குளிர்காற்றில் ஒலியின் வேகம் 1,100 கி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். எல்லை 850 கி.மீ. அருகே வந்து நிற்கும். உயரத்திலிருந்து பாயும் விமானி அதை எளிதில் தாண்டிவிடுவார். ஆகவே வேகமானியில் ஒரே சிவப்புக் கோடு வரைந்து இந்த எல்லையைக் காட்ட முடியாது. வெப்பநிலையோடு நகரும் எல்லை அது. நல்ல சிமுலேட்டர் வெளிக்காற்றின் வெப்பநிலையை ஒவ்வொரு கணமும் கேட்டுத்தான் ஒலியின் வேகத்தைக் கணக்கிடுகிறது.

சேபரின் வடிவமைப்பாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். இறக்கையை 35 டிகிரி பின்னோக்கிச் சாய்த்தால், காற்றின் வேகத்தில் ஒரு பகுதியை மட்டுமே இறக்கை உணரும். அதிர்ச்சி அலை தள்ளிப்போகும். சாய்ந்த இறக்கை மெதுவான வேகத்தில் தடுமாறும் என்பதால், முன்விளிம்பில் தானாகத் திறந்து மூடும் பட்டைகளைப் பொருத்தினார்கள். 1947 அக்டோபர் 1 அன்று முதல் சேபர் பறந்தது. வேம்பயரின் முதல் பறப்புக்கும் இதற்கும் நான்கே ஆண்டு இடைவெளி.

வண்ணம் மாற்றினால் போதாது

மலேசியாவுக்கும் சேபருக்கும் நேரடி உறவு உண்டு. 1969-இல் ஆஸ்திரேலியா 10 சேபர்களை மலேசியாவுக்குக் கொடையாக அளித்தது. அரச மலேசிய ஆகாயப்படையின் 11-ஆம் ஸ்குவாட்ரன் பட்டர்வொர்த்தில் அவற்றைப் பறக்கவிட்டது.

டி.சி.எஸ். சேபரின் உடலில் மலேசிய அடையாளங்களை வரைந்துவிட்டால் அது மலேசியச் சேபர் ஆகிவிடுமா? ஆகாது. டி.சி.எஸ். சேபர் அமெரிக்க எஃப்-86எஃப்: ஜெனரல் எலக்ட்ரிக் ஜே-47 இயந்திரம், ஆறு 12.7 மி.மீ. துப்பாக்கிகள். மலேசியாவுக்கு வந்தது ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன் தயாரித்த வகை. அதில் ரோல்ஸ்-ராய்ஸ் ஏவான் இயந்திரமும் இரண்டு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகளும் இருந்தன. ஏவானுக்குக் கூடுதல் காற்று வேண்டும். அதனால் காற்று நுழைவாயும் உடலும் பெரும்பாலும் திருத்தி வடிவமைக்கப்பட்டன. உந்துவிசை கால் பங்குக்கும் மேல் அதிகம். ஏறும் வேகமும் எடைமையமும் சுடும்போது வரும் உதைப்பும் மாறும். வண்ணம் பூசுவது ஒரு மாலை வேலை. உள்ளே இருக்கும் எண்களை மாற்றுவது பல மாத உழைப்பு. எதற்கு எந்தப் பெயரை வைக்கிறோம் என்பதில் படைப்பாளிக்கு நாணயம் வேண்டும்.

மேலிருந்து தெரிந்தது என்ன

போர் விமானத்தின் கணக்கில் விமானியின் கண்ணும் ஒரு கருவி. தாக்கவரும் விமானம் வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்ளுங்கள். இலக்கு 2 கி.மீ. தொலைவில் கண்ணில் பட்டால், அதைக் கடக்கும் முன் 11 வினாடிதான் அவகாசம். அதற்குள் அது முகாமா, தோட்டத்துக் கொட்டகையா, விறகுவெட்டியின் குடிசையா என்று முடிவெடுக்க வேண்டும். அடர்காட்டில் கீழே எதுவும் தெரியாது. மரமுடிகள் மட்டும் பச்சைக் கம்பளமாக ஓடும். ஜெட்டின் வேகம் இந்தப் போரில் அதற்கே பகையானது. இலக்கைத் தேடிக் கண்டுபிடிக்க மெதுவாகப் பறக்கும் சின்னஞ்சிறு ஆஸ்டர் விமானங்களையே நம்ப வேண்டியிருந்தது.

படம் எடுப்பது 81-ஆம் ஸ்குவாட்ரனின் வேலை. அதன் மஸ்கிட்டோ ஒன்று 1955 டிசம்பர் 15 அன்று சிங்கப்பூரின் செலேத்தாரிலிருந்து கிளம்பியதே பிரிட்டிஷ் விமானப்படையில் மஸ்கிட்டோவின் கடைசிப் பணிப்பறப்பு. அதன் இடத்தைப் பிடித்த விமானங்களுள் மீட்டியர் ஜெட்டும் ஒன்று. மலாயாவின் வரைபடங்கள் திருந்த இந்த வான்படங்கள் உதவின.

சிமுலேட்டரின் நிலத்தோற்றம் இங்கேதான் தவறிப்போகிறது. இன்றைய சிமுலேட்டர்கள் பல, செயற்கைக்கோள் படத்திலிருந்து நிலத்தை உருவாக்குகின்றன. அதன் மேல் 1950-களின் வேம்பயரைப் பறக்கவிட்டால் கீழே தெரிவது செம்பனை. ரப்பரை அழித்துவிட்டுத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியது பின்னால் வந்த கதை. நீலாய்ப் புதுநகர், வடக்கு தெற்கு நெடுஞ்சாலை, மாநில எல்லைக்கு அப்பால் சிப்பாங்கில் 1998-இல் திறந்த விமான நிலையம் எதுவும் அன்று இல்லை. செம்பனையின் மட்டைகள் நட்சத்திரம்போல் விரியும். ரப்பர் தோட்டமோ நிரை நிரையாக, மூடிய கூரையாகத் தெரியும். தாழ்வாகப் பறப்பவருக்கு ரப்பர் நிரைகள் ஒரு கோணத்தில் நீண்ட சந்தாகத் திறந்து அடுத்த கணம் மூடிக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் மரங்கள் இலையைக் கொட்டும்போது தரை தெரியும். இவையெல்லாம் விமானியின் 11 வினாடியைப் பாதிக்கும் இயற்பியல் உண்மைகள். மரத்தின் வகையைத் தவறாக வைத்தால் போரின் கணக்கும் தவறாகிவிடும்.

கீழே இருந்தவர்கள்

விமானத்தைத் தரையிலிருந்து கேட்டவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 300 மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 220 மீட்டர் வேகத்தில் ஒரு ஜெட் உங்கள் தலைக்கு நேர்மேலே இருக்கும் கணத்தில் அது எழுப்பிய ஒலி, உங்கள் காதுக்கு வர ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதற்குள் விமானம் 190 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். சத்தம் வந்த திசையில் அண்ணாந்தால் வானம் வெறுமையாக இருக்கும். ரப்பர் மரக்கூரையின் கீழே நிற்பவருக்கு அதுவும் தெரியாது, சத்தம் மட்டும்தான்.

நெகிரி செம்பிலானின் லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் அந்தச் சத்தத்துக்குக் கீழே வாழ்க்கை நடந்தது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு நிரைக்குப் போய்ப் பால் வெட்டு. வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும் என்பதால் காலைப்பொழுதே வேலைப்பொழுது. மூட்டம் விலகி விமானங்கள் வரத் தோதான நேரமும் ஏறக்குறைய அதுதான். மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டா என்ற தோள்கம்பில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாக்கிக் கம்பிவேலி போட்டார்கள். அரிசிக்கு அளவு, வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு. காட்டில் இருந்தவர்களைச் சரணடைய அழைத்த துண்டறிக்கைகள் வானிலிருந்து விழுந்தன. அவற்றில் தமிழும் இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் 1949 மே மாதம் சுட்டுக்கொல்லப்பட்டது இதே மாநிலத்து ஜெலுபுவில்தான். இந்த மண்ணின் மேல் பறந்த விமானத்தை, கீழே மரங்களை மட்டும் வைத்து உருவாக்கினால் அது பாதி உண்மை.

போர் சிமுலேட்டர்களில் நிலம் பெரும்பாலும் இலக்குகளின் விரிப்பாகவே இருக்கிறது. விமானத்தின் ஆணி ஒன்று இடம் மாறினால் கோபப்படும் ரசிகர்கள், கீழே லயம் இல்லாததைக் கவனிப்பதில்லை. அந்த ஆணிக்குக் காட்டும் அக்கறையை லயத்துக்கும் காட்டச் சொல்கிறேன். லயத்து வரிசை எங்கே இருந்தது, கோயில் எந்த மேட்டில் இருந்தது, ஆற்றுக்கு எந்தப் பாதை போனது என்பதெல்லாம் அளந்து வைக்கக்கூடிய தகவல்கள். மலாயா நில அளவைத் துறையின் ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற வரைபடங்கள் ரப்பர் நிலத்தைத் தனியாகக் காட்டின. தோட்டங்களின் பெயரையும் தாங்கியிருந்தன. வரைபடத்தில் இல்லாததை அங்கே வாழ்ந்தவர்கள் சொல்ல முடியும்.

அதற்கான காலம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. 1951-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதைக் கடந்த வயது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகின்றன; லயங்கள் இடிபடுகின்றன. சிரம்பானுக்கு அருகே செண்டாயானில் இன்று புதுநகர் எழும்பியிருக்கிறது. 2018-இல் சுங்கை பெசி தளம் மூடப்பட்டபோது அங்கிருந்த ஆகாயப்படைப் பிரிவுகளில் சில அந்தச் செண்டாயானுக்கே இடம் பெயர்ந்தன. விமானங்களின் வரலாறும் தோட்டங்களின் வரலாறும் ஒரே மாநிலத்தில் அருகருகே இருக்கின்றன. இரண்டையும் ஒரே ஆவணத்தில் எழுதுவோர்தான் குறைவு.

வேம்பயரின் இயந்திரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை நூறு ஆண்டு கழித்தும் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தாத்தா எந்த நிரையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து வந்து இன்று கணினியில் வல்லவர்களாக இருக்கும் இளைஞர்களே, இந்த வேலை உங்களுக்குத்தான் பொருந்தும். வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடத்தைப் பழைய வரைபடத்தில் குறியுங்கள். குரலைப் பதிவு செய்யுங்கள். நிலத்தோற்றம் உருவாக்கும் கருவிகள் பல இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே ஒரு தோட்டத்தையாவது 1951-இல் இருந்தபடி கட்டி எழுப்புங்கள். அதன் மேல் பறக்கும் ஜெட்டை உருவாக்க உலகம் முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள். தோட்டத்தை உருவாக்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.